நடத்தை என்ற கட்டத்தில்

மூக்கம்மாளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் என்னைத் தம்பி என்பார். கம்பெனியில் மற்ற எல்லோருக்கும் நான் ஜெபக்குமார் சார். திருப்பூர் மண்ணரையில் இருக்கும் ஒரு பனியன் கம்பெனியின் ஹெச்.ஆர். எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு, நூல் தூசிக்கு நடுவே ஆள் வருகையும் ஆள் விலகலும் எழுதிக்கொண்டிருப்பவன். படித்த படிப்பு வீணாகிவிட்டது என்ற எரிச்சல் எனக்கு எப்போதும் உண்டு. அந்த எரிச்சல் ஒரு நாள் ஒரு சொல்லாக வெளியே வந்தது. அது அக்காவின் மகளுடைய பிரசவம் வரைக்கும் போய் நின்றது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அக்கா அங்கே பதின்மூன்று வருஷம் முடித்திருந்தார். செக்கிங் பகுதி. தைத்து வருகிற பனியனை மேசையில் விரித்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் பார்த்து, நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கட்டரால் வெட்டி அடுக்க வேண்டும். காலையில் நின்றால் சாயங்காலம் வரை நிற்பதுதான். கமுதிப் பக்கத்திலிருந்து கணவர் பெரியகருப்பனோடும் இரண்டு வயது மகளோடும் திருப்பூருக்கு வந்தவர். பெரியகருப்பன் சாயப்பட்டறையில் வேலை பார்த்தார், குடித்தார், நாற்பது வயதைத் தொடாமல் போய்ச் சேர்ந்தார். மகள் சித்ராதேவியை அக்கா தனியாளாக வளர்த்தார்.

கம்பெனியில் அவருக்கு இன்னொரு பெயர் இருந்தது. சண்டைக்காரி. சூப்பர்வைசர் முதல் வாட்ச்மேன் வரை அப்படித்தான் சொல்வார்கள். அவருக்கும் அது தெரியும். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

அவர் போட்ட சண்டைகளில் ஒன்றிரண்டைச் சொன்னால்தான் ஆள் விளங்கும். எங்கள் செக்கிங் பகுதியில் நாற்பது பெண்களுக்கு ஒரே ஒரு பாத்ரூம் டோக்கன். ஒரு அட்டை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும், போனவர் வந்தால்தான் அடுத்தவர். இந்த அருமையான யோசனை யாருடையது என்று கேட்காதீர்கள், எனக்கு முன்னால் இருந்த ஹெச்.ஆருடையது. அக்கா ஒரு நாள் மதியம் அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதே அளவில் ஏழு டோக்கன் வெட்டி, நாடா கோத்து, அதே ஆணியில் மாட்டிவிட்டார். சூப்பர்வைசர் குதித்தார். அக்கா அவரைவிட உரக்க, நாற்பது பெண்களுக்கும் வரிசை வைத்துத்தான் ஒண்ணுக்கு வர வேண்டும் என்று உங்கள் ஆபீசில் சட்டம் இருக்கிறதா என்று கேட்டார். பெண்கள் சிரித்தார்கள். அந்த ஏழு டோக்கனும் அங்கேயே தங்கிவிட்டன.

அவர் குடியிருந்த லைன் வீட்டில் பத்து நாளைக்கு ஒரு தடவை குழாய்த் தண்ணீர் வரும். வீட்டுக்கு இத்தனை குடம் என்று முறை வைத்தது அவர்தான். யாராவது ஒரு குடம் கூடப் பிடித்தால் தெருவுக்கே கேட்கும். மகளைப் பள்ளியில் சேர்க்க இடமில்லை என்றபோது, மூன்று நாள் பள்ளிக்கூட வாசலில் போய் நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் நியாயம் கேட்டு, நான்காம் நாள் சேர்த்துவிட்டு வந்தார். யோசித்துப் பார்த்தால், அவர் வாழ்க்கையில் சண்டை போடாமல் கிடைத்தது எதுவுமே இல்லை.

கடைசிச் சண்டை ஊசியால் வந்தது. ஓவர்லாக் மெஷினில் ஊசிக்கு முன்னால் ஒரு சிறிய தடுப்பு இருக்கும், விரல் உள்ளே போகாமலிருக்க. அது இருந்தால் கை கொஞ்சம் மெதுவாக ஓடும். அவசர ஆர்டர் வந்தால் அதைக் கழற்றிவிடுவார்கள். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண்ணின் விரலில் ஊசி ஏறி நகத்தோடு முறிந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்கு இந்தி தெரியாது. ஆனாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் ரூமுக்குள் வந்து அக்கா கத்திய கத்தலில், முதலாளியின் காரிலேயே அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

பத்து நாள் கழித்து பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையரின் சார்பில் ஆடிட் வந்தது. அன்று காலை எல்லா மெஷினிலும் தடுப்பு மாட்டப்பட்டிருந்தது. ஆடிட்டருக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று பெண்களுக்குப் பாடம் நடத்தியவன் நான். எல்லோரும் ஒழுங்காகத்தான் சொன்னார்கள். அக்காவிடம் ஆடிட்டர் ஒன்றுமே கேட்கவில்லை. அக்காவாகவே மேசையை விட்டு வந்து, இது இன்றைக்குக் காலையில் மாட்டியது, சாயங்காலம் கழற்றிவிடுவார்கள், நாளைக்குச் சொல்லாமல் வந்து பாருங்கள் என்றார். ஆடிட்டர் தமிழர். குறித்துக்கொண்டார், மறுநாள் சொல்லாமல் வந்தும் பார்த்தார்.

ஆடிட்டில் போன பெயரை ஈடுகட்ட முதலாளி மகுடேஸ்வரன் ஒரு மருத்துவ முகாம் வைத்தார். செவ்வாய்க்கிழமை எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை அக்காவை ஆபீசுக்குக் கூப்பிட்டு, இனி வர வேண்டாம் என்றார்கள். இந்த இரண்டு நாளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அக்கா வைத்துக்கொண்டார்.

மகுடேஸ்வரன் யாரையும் வாடா போடா என்று பேசுகிறவர் இல்லை. என்னை உட்கார வைத்து, டீ வரவழைத்து, மெதுவாகத்தான் சொன்னார்.

"ஏனுங்க ஜெபக்குமார், அந்தம்மா சர்வீஸ் சர்டிபிகேட்டுல நடத்தைன்னு ஒரு கட்டம் இருக்குதுங்கல்ல, அதுல சண்டைக்காரின்னு இங்கிலீஷ்ல எழுதிப் போடுங்க. இன்னொருத்தர் தெரியாம வேலைக்கு எடுத்துப்போட்டுச் சிரமப்படக் கூடாதுங்க பாருங்க."

சரிங்க என்றேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சண்டைக்காரிக்கு நேரான ஆங்கிலச் சொல் குவாரல்சம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். அதை எழுத எனக்குக் கை வரவில்லை. அக்கா மேல் இரக்கம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. மீதிப் பாதி, என் போனில் தினம் காலையில் ஒரு கடினமான ஆங்கிலச் சொல் வரும், அதைப் பொருளும் வேரும் பார்த்து மனப்பாடம் செய்வேன், ஆனால் பனியன் கம்பெனியில் அவற்றை எங்கே கொண்டுபோய் விற்பது? அந்த வாரம் வந்திருந்த சொல் பக்னேஷஸ். எப்போதும் சண்டைக்குத் தயாராக நிற்கிற குணம். எழுதினேன். எழுதியபோது சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

அந்தச் சொல்லின் வேரும் எனக்குத் தெரியும். லத்தீனில் புக்னுஸ் என்றால் மடக்கிய கை, முஷ்டி. முஷ்டியால் மோதுவதிலிருந்து சண்டையிடுவது என்ற வினை வந்தது, அதிலிருந்து சண்டைக்குத் துடிக்கிறவர் என்ற பெயர் வந்தது, அதுதான் கடைசியில் இங்கிலீஷுக்கு வந்து பக்னேஷஸ் ஆனது. குத்துச்சண்டை போடுகிறவனுக்கு இங்கிலீஷில் உள்ள பழைய பெயரும் இதே குடும்பம்தான். நம்மிடமும் கைகலப்பு என்ற சொல் உண்டு. ஆனால் நம் ஊரில் சண்டை பெரும்பாலும் வாயில் தொடங்குகிறது. வாய்ச்சண்டை, வாய்த்தகராறு, வாயாடி என்கிறோம். ரோமாபுரிக்காரன் நேராகக் கையில் தொடங்கியிருக்கிறான். அப்படிப் பார்த்தால் அக்காவுக்கு அந்தச் சொல் பொருந்தவே பொருந்தாது. அவர் யார் மேலும் கை வைத்ததில்லை. வம்புக்கு என்று எங்கும் போனதில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார், கொஞ்சம் சத்தமாகக் கேட்டார். இவ்வளவும் தெரிந்த நான், எழுதி முடித்து, கம்பெனி முத்திரையையும் குத்தினேன். முத்திரை அந்தச் சொல்லின் முதல் பாதி மேல் விழுந்து மையாகிவிட்டது. வேறு தாளில் எழுதச் சோம்பல்பட்டு அப்படியே கொடுத்துவிட்டேன்.

பத்தொன்பது வருஷத்துக்கு ஒரு தாளாவது கிடைத்ததே என்று அக்கா அன்றைக்கே அதை லேமினேட் செய்துவிட்டார். பக்கத்து வீட்டில், தைத்த பனியனுக்கு இஸ்திரி போடும் ஐயர்ன் மாஸ்டர் ராபின் இருந்தார். நல்ல மனிதர். கொரோனா சமயத்தில், தகரம் அடித்து அடைத்த வீடுகளுக்குச் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தவர். அக்கா அவரிடம் தாளைக் காட்டி, நடத்தைக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்று கேட்டார். முத்திரை மைக்கு அடியில் ராபினுக்குத் தெரிந்தது சொல்லின் வால் மட்டும்தான். அப்படி முடிகிற பெரிய சொல் அவருக்கு ஒன்றே ஒன்று தெரியும். தகரம் அடித்த வீடுகளின் வாசலில் ஒட்டியிருந்த சொல். கன்டேஜியஸ். தொற்று நோய்.

அவர் தயங்கித் தயங்கித்தான் சொல்லியிருக்கிறார். அக்காவுக்குச் செவ்வாயும் வெள்ளியும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. செவ்வாய்க்கிழமை ரத்தம் எடுத்தார்கள், வெள்ளிக்கிழமை வர வேண்டாம் என்றார்கள். வேறென்ன வேண்டும்? யாரிடமும் சொல்லாதே, வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் காலி பண்ணச் சொல்லிவிடுவார் என்று ராபினிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். ராபினும் கடைசி வரை வாயைத் திறக்கவில்லை. இதையெல்லாம் நான் பிறகு அவரிடமும் அக்காவின் மாப்பிள்ளை மோகன்ராஜிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அக்கா நான்கு கம்பெனிகளில் வேலை கேட்டார். அனுப்பர்பாளையம் வரை நடந்தார். எல்லா இடத்திலும் தாளைப் பார்த்தார்கள், உள்ளே போனார்கள், திரும்பி வந்து ஆள் தேவையில்லீங்கம்மா என்றார்கள். அதில் இரண்டு கம்பெனியிலிருந்து எனக்கே போன் வந்தது. முத்திரைக்கு அடியில் என்ன சொல் என்று கேட்டார்கள். எழுத்து எழுத்தாகச் சொல்லி, பொருளும் சொன்னேன். முகம் தெரியாத இரண்டு பேருக்கு விளக்கம் சொன்ன எனக்கு, அந்தச் சொல்லைச் சுமந்து திரிகிறவருக்கு அது தெரியுமா என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. அக்காவோ, நோய்க்குப் பயந்துதான் வேண்டாம் என்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு தடவை அவரே எனக்குப் போன் செய்தார். ரத்தம் எடுத்தீர்களே தம்பி, அந்த ரிப்போர்ட் எனக்குக் கிடைக்குமா என்று கேட்டார். குரல் தாழ்ந்திருந்தது. வேலையில் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் அக்கா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். எதற்கு என்று கேட்டிருக்கலாம். பிறகு ஒரு நாள் அந்த ரிப்போர்ட்டைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். ரத்தம் கொஞ்சம் குறைவு, மற்றபடி ஒன்றுமில்லை.

அப்போது சித்ராதேவிக்கு ஏழாம் மாதம். தாராபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில். வளைகாப்புக்குக் கண்ணாடி வளையல்கூட அக்கா முன்னமே வாங்கி வைத்திருந்தாராம். அந்தத் தாளுக்குப் பிறகு, வளைகாப்புக்குப் போகவில்லை. மகளை அழைத்து வரவும் போகவில்லை. வீட்டில் இடம் பற்றாது, தண்ணீர் வருவதில்லை என்று ஏதேதோ காரணம் சொன்னார். சம்பந்தி வீட்டில், பெற்ற மகளுக்குக் கஞ்சி ஊற்ற மனசில்லாதவள் என்று பேசினார்கள். மகள் போனில் அழுதாள். இங்கே அக்கா தன்னையே ஒதுக்கி வைத்துக்கொண்டார். தனித் தட்டு, தனித் தம்ளர், எந்த நேரமும் முகத்தில் மாஸ்க். தண்ணீர் வந்த நாளில் ஒரு பெண் இரண்டு குடம் கூடப் பிடித்தபோது, அக்கா அவளைப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றாராம். வேலை போன கவலை என்று லைன் வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். நோய்க்காரி வாய் திறந்து கத்தினால் எச்சில் தெறிக்கும் என்று அவர் பயந்தது யாருக்குத் தெரியும்?

வலி எடுத்ததும் மோகன்ராஜ் போன் செய்தார். அக்கா காலை பத்து மணிக்குள் தாராபுரம் போய்விட்டார். ஆனால் ஆஸ்பத்திரிக்குள் போகவில்லை. வெளி கேட்டுக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், இரண்டு மாஸ்க் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு நின்றார். உள்ளே சித்ராதேவிக்குப் பனிக்குடம் உடைந்து நேரமாகியிருந்தது. இன்னும் நேரம் இருக்கிறது, டாக்டர் வருவார் என்று நர்ஸ் சொல்லிக்கொண்டிருந்தார். மோகன்ராஜ் மெல்லிய ஆள். யார் எது சொன்னாலும் சரிங்க என்பார். டாக்டர் எப்போது வருவார் என்று ஒரு தடவை கேட்டார், சத்தம் போடாதீர்கள் என்றார்கள், சரிங்க என்று வந்து உட்கார்ந்துவிட்டார்.

பன்னிரண்டு மணிக்கு ரோட்டைத் தாண்டி அக்காவிடம் வந்தார். ஒரு மணிக்கு மறுபடி வந்தார். இரண்டரைக்கு மூன்றாம் தடவையாக வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"அத்தை, நான் கேட்டா ஒருத்தரும் சட்டை பண்ண மாட்டீங்கறாங்க. நீங்க வந்து ஒரு சத்தம் போடுங்க. உங்களுக்குத்தானுங்க பயப்படுவாங்க."

அக்கா இரண்டடி பின்னால் போனார்.

"நான் வந்தா புள்ளைக்கு ஆகாது மாப்ள. நீங்களே போயி இன்னொருக்காக் கேளுங்க."

மோகன்ராஜ் போய்க் கேட்டார். பணிவாகத்தான் கேட்டிருப்பார். மூன்றரைக்கு டாக்டர் வந்தார். நான்கு மணிக்குக் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. அழவில்லை. ஒரு மணி நேரம் முன்னால் பார்த்திருந்தால் என்று டாக்டர் ஏதோ சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாராம். சித்ராதேவி பிழைத்துக்கொண்டாள். அவள் கேட்டது ஒன்றுதான், வாசல் வரை வந்த அம்மா ஏன் உள்ளே வரவில்லை என்று. அதற்குப் பதில் வராததால் அம்மாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

அதற்குப் பதினெட்டாம் நாள், டீ இடைவேளையில், மூக்கம்மாள் வந்திருக்கிறார் என்று வாட்ச்மேன் போன் செய்தார். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். கேட்டுக்கு வெளியே, சுவரை ஒட்டி நின்றிருந்தார். பாதியாக இளைத்திருந்தார். முகத்தில் மாஸ்க். நான் நெருங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கிட்ட வராதீக சார்."

அவர் என்னைச் சார் என்றது அதுதான் முதல் தடவை.

"ஒன்னே ஒன்னு கேட்டுட்டுப் போயிருறேன். நான் உள்ள போகல. ரோட்டுக்கு அங்கிட்டுத்தான் நின்னேன். ரெண்டு மாஸ்க்கு போட்டிருந்தேன். அப்படி நின்னாக்கூட ஒட்டிருமா சார்? புள்ள என்னாலதான் போச்சா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன ஒட்டும், எந்தப் பிள்ளை என்று கேட்டேன். அவர் பையிலிருந்து அந்த லேமினேட் தாளை எடுத்துச் சுவர்மேல் வைத்துவிட்டு, தள்ளிப் போய் நின்றார். நான் எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து, நான் குத்திய முத்திரை. ராபின் சொன்னதை அவர் சொன்னார். செவ்வாயும் வெள்ளியும் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் நின்றதையும் சொன்னார். டீ இடைவேளை முடிந்து மணி அடித்துவிட்டது. நான் அங்கேயே நின்றேன்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. சொன்னால் பிள்ளையைக் கொன்ற பழி அவர் மேலிருந்து இறங்கிவிடும். ஆனால் அந்த இடத்தில் வேறொன்று ஏறி உட்காரும் என்று எனக்குத் தெரிந்தது. இருந்தாலும் சொன்னேன். இனியும் மறைத்தால் நான் மனிதனே இல்லை.

"அக்கா, அது நோய் இல்ல. உங்களுக்கு ஒரு நோயும் இல்ல. சண்டைக்காரின்னு எழுதியிருக்கேன், அவ்வளவுதான்."

"சண்டைக்காரியா?"

"ஆமாக்கா."

"வேற ஒன்னும் இல்லையா?"

"இல்லக்கா."

அவர் மாஸ்க்கைக் கழற்றினார். அதைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அழவில்லை.

"அதத் தமிழ்லயே எழுதியிருந்தீகன்னா, நான் உள்ள போயிருப்பேன் சார்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அவர் கத்த வேண்டும், செருப்பைக் கழற்ற வேண்டும், எல்லாவற்றையும் நான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மனதார விரும்பினேன். அவர் தாளைக்கூட வாங்கிக்கொள்ளாமல், வண்டிகளுக்கு வழி விட்டு ஓரமாக நடந்து போனார்.